கென்யாவில் நிறுவனம் பதிவு செய்வது எப்படி: வகையைத் தேர்ந்தெடுப்பது முதல் ஆண்டு அறிக்கை வரை

கென்யாவில் இன்று ஒரு தனியார் நிறுவனத்தைப் பதிவு செய்ய அலுவலகப் படி ஏற வேண்டியதில்லை. ஒரு காலத்தில் நைரோபி ஹராம்பே அவென்யூவிலுள்ள ஷெரியா ஹவுஸில் வரிசையில் நின்று முடித்த வேலை முழுவதும் இப்போது ஈ-சிட்டிசன் என்ற அரசு இணையதளத்துக்கு மாறிவிட்டது. கட்டணத்தையும் எம்-பெசா என்ற கைபேசிப் பணச் சேவையிலேயே கட்டிவிடலாம். இந்த வசதியினாலேயே பலர் கண்ணில் பட்ட முதல் வகையைத் தேர்ந்தெடுத்துப் பதிவு செய்துவிடுகிறார்கள். சான்றிதழ் கிடைப்பதில் சிரமம் இல்லை. ஆனால் எந்த வகையைத் தேர்ந்தெடுத்தோம், பங்குகளை யார் பெயரில் வைத்தோம் என்ற இரண்டும் நிலம் வாங்கும்போதும், வேலை அனுமதி கேட்கும்போதும், வரி கட்டும்போதும் ஒவ்வொன்றாக முன்னால் வந்து நிற்கும். எனவே இந்த வழிகாட்டி படிவத்திலிருந்து தொடங்காமல், வகைகளிலிருந்து தொடங்குகிறது.

இப்போது நடப்பிலுள்ளது 2015-ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டம். பிரிட்டனின் 1948 சட்டத்தை அடியொற்றி எழுதப்பட்டிருந்த பழைய சட்டத்தை அது முழுவதுமாக நீக்கியது. ஒருவரே பங்குதாரராகவும் இயக்குநராகவும் இருந்து தனியார் நிறுவனம் நடத்தலாம் என்பது புதிய சட்டம் தந்த சலுகை. 2020 மார்ச்சில் வந்த வணிகச் சட்டத் திருத்தம் நிறுவன முத்திரை கட்டாயம் என்ற விதியையும் எடுத்துவிட்டது. பதிவுகளைக் கவனிப்பது வணிகப் பதிவுச் சேவை என்ற அமைப்பு, சுருக்கமாக பி.ஆர்.எஸ். என்பார்கள்.

எந்த வகை யாருக்குப் பொருந்தும்

மிக எளியது வணிகப் பெயர்ப் பதிவு. தனி ஒருவரோ, சிலர் கூட்டாகவோ ஒரு பெயரில் வியாபாரம் செய்வதற்கான பதிவு மட்டுமே இது. சட்டத்தின் பார்வையில் அந்தப் பெயருக்கும் உரிமையாளருக்கும் வேறுபாடு கிடையாது. கடை பட்ட கடனுக்கு உரிமையாளரின் வீடும் சேமிப்பும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். வருமானம் அவருடைய சொந்த வருமானத்தோடு சேர்ந்து, 10 முதல் 35 விழுக்காடு வரையிலான தனிநபர் விகிதங்களில் வரிக்கு உட்படும். முடிதிருத்தகம், சிறு மளிகைக் கடை, தனியாகத் தொழில் செய்யும் வடிவமைப்பாளர் ஆகியோருக்கு இது போதும். கடன் வாங்கிச் சரக்கு எடுக்கும் வியாபாரத்துக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அடுத்தது வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள கூட்டாண்மை, அதாவது எல்.எல்.பி. இதற்குத் தனிச் சட்டம் 2011-இல் வந்தது. குறைந்தது இரண்டு கூட்டாளிகள் வேண்டும். கென்யாவில் வசிக்கும் ஒருவர் மேலாளராக இருக்க வேண்டும். எல்.எல்.பி. கூட்டாளிகளிடமிருந்து வேறான சட்ட ஆளாக இருந்தாலும், வருமான வரியைக் கூட்டாளிகள் அவரவர் பங்குக்கு ஏற்பக் கட்டுகிறார்கள். வழக்கறிஞர்கள், கணக்காளர்கள், ஆலோசகர்கள் விரும்பும் வடிவம் இது. வெளியிலிருந்து முதலீட்டாளரைச் சேர்க்கும் எண்ணம் இருந்தால் இதைத் தவிர்ப்பது நல்லது. பங்கு இல்லாத இடத்தில் பங்கு கொடுத்துப் பணம் திரட்ட முடியாது.

பெரும்பாலானவர்களுக்குப் பொருந்துவது பங்குகளால் பொறுப்பு வரையறுக்கப்பட்ட தனியார் நிறுவனம். ஒரு பங்குதாரர், ஒரு இயக்குநர் போதும். இருவரும் ஒரே ஆளாக இருக்கலாம். இயக்குநருக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும், இயக்குநர்களில் ஒருவராவது மனிதராக இருக்க வேண்டும். அதாவது வேறொரு நிறுவனத்தை மட்டும் இயக்குநராக வைத்துக்கொண்டு நடத்த முடியாது. உறுப்பினர் எண்ணிக்கை 50-ஐத் தாண்டக் கூடாது, பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்கவும் கூடாது. குறைந்தபட்ச மூலதனம் என்று எதுவும் விதிக்கப்படவில்லை. செலுத்தப்பட்ட மூலதனம் 50 லட்சம் ஷில்லிங்கை எட்டும்போதுதான் தகுதி பெற்ற நிறுவனச் செயலாளரை நியமிக்கும் கடமை வருகிறது. மூலதனத் தொகையைப் பெருமைக்காக உயர்த்தி எழுதுபவர்கள் இந்த வரம்பை மறந்துவிடுகிறார்கள்.

பொது நிறுவனம் பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்க விரும்புவோருக்கானது. பெயரின் முடிவில் பி.எல்.சி. என்று வரும், இரண்டு இயக்குநர்களும் ஒரு செயலாளரும் கட்டாயம், பெயரளவு மூலதனம், அதாவது பங்குகளின் முகமதிப்பின் கூட்டுத்தொகை, குறைந்தது 67.5 லட்சம் ஷில்லிங் இருக்க வேண்டும். புதிதாகத் தொழில் தொடங்குபவர் இதைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டியதில்லை.

லாப நோக்கமற்ற வேலைக்கு உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட நிறுவனம் என்ற வகை உண்டு. இதில் பங்கு மூலதனம் கிடையாது. நிறுவனம் மூடப்பட்டால் இன்ன தொகை வரை தருவேன் என்று ஒவ்வொரு உறுப்பினரும் உறுதி கொடுக்கிறார். பள்ளி, தொழில்முறைச் சங்கம், அறப்பணி போன்றவற்றுக்கு ஏற்றது. ஆனால் வெளிநாட்டு நன்கொடையில் நடக்கும் தொண்டு அமைப்புகள், 2013-இல் இயற்றப்பட்டு 2024 மே மாதத்தில்தான் நடைமுறைக்கு வந்த பொதுநல அமைப்புகள் சட்டத்தையும் பார்க்க வேண்டும். அதன்கீழ் பதிவு செய்வதா, உத்தரவாத நிறுவனமாக இருப்பதா என்பதை ஒரு வழக்கறிஞரோடு பேசி முடிவெடுப்பதே நல்லது.

கடைசியாக, வேறு நாட்டில் ஏற்கெனவே உள்ள நிறுவனம் கென்யாவில் கிளையாகப் பதிவு செய்துகொள்ளலாம். தாய் நிறுவனத்தின் பதிவுச் சான்றிதழ், அமைப்பு விதிகள் ஆகியவற்றின் சான்றளிக்கப்பட்ட நகல்கள், இயக்குநர் பட்டியல், கென்யாவில் வசிக்கும் ஓர் உள்ளூர்ப் பிரதிநிதி, உள்ளூர் முகவரி ஆகியவை வேண்டும். கிளைக்குத் தனிச் சட்ட ஆளுமை கிடையாது. நைரோபியில் தொடுக்கப்படும் வழக்கு நேரே தாய் நிறுவனத்தின் மேல் விழும். முன்பு கிளைகளுக்கு 37.5 விழுக்காடு வரி இருந்தது. 2024 ஜனவரி 1 முதல் அது உள்ளூர் நிறுவனங்களைப் போல 30 விழுக்காடாகக் குறைந்தது. அதே சமயம் தாய்நாட்டுக்குப் போகும் வருமானத்தின் மேல் 15 விழுக்காடு வரி புதிதாக வந்தது. கிளைக்குப் பதிலாகக் கென்யாவிலேயே பதிவு செய்யும் துணை நிறுவனம் வெளிநாட்டுப் பங்குதாரருக்குத் தரும் ஈவுத்தொகைக்கும் 15 விழுக்காடு பிடித்தம் உண்டு என்பதால், வரியை மட்டும் காரணம் காட்டிக் கிளையைத் தவிர்க்கவோ நாடவோ இப்போது இடமில்லை. ஓர் ஒப்பந்தப் பணியை முடித்துவிட்டுத் திரும்புபவருக்குக் கிளை போதும். தங்கித் தொழில் செய்பவர் தனியார் நிறுவனம் அமைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

படிவத்துக்கு முன் தீர்க்க வேண்டிய பங்குக் கணக்கு

வெளிநாட்டவர் ஒரு கென்ய நிறுவனத்தின் 100 விழுக்காட்டுப் பங்குகளையும் வைத்துக்கொள்ளலாம். பொதுவான தடை எதுவும் இல்லை. தடைகள் துறைவாரியாக வருகின்றன. காப்பீட்டு நிறுவனத்தில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு கிழக்கு ஆப்பிரிக்கச் சமூக நாடுகளின் குடிமக்கள் கையில் இருக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. எனவே உங்கள் துறைக்கு உரிமம் தரும் அமைப்பின் விதிகளைப் பதிவுக்கு முன்பே படித்துவிடுங்கள்.

நிலம்தான் பலரும் கோட்டை விடும் இடம். 2010-ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 65-ஆவது பிரிவுப்படி, குடிமகன் அல்லாதவர் நிலத்தைக் குத்தகையாக மட்டுமே வைத்திருக்க முடியும். அதுவும் 99 ஆண்டுகளுக்கு மேல் கூடாது. ஒரு நிறுவனம் குடிமகனாகக் கருதப்பட வேண்டுமானால் அதன் பங்குகள் முழுவதும் கென்யக் குடிமக்களிடம் இருக்க வேண்டும். ஆயிரம் பங்குகளில் 999 உள்ளூர் நண்பரிடமும் ஒன்றே ஒன்று உங்களிடமும் இருந்தாலும், நிலச் சட்டத்தின் முன் அது வெளிநாட்டு நிறுவனம்தான். விவசாய நிலத்துக்கு இன்னும் கண்டிப்பு அதிகம்: நிலக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஒப்புதல் வேண்டும், குடிமகன் அல்லாத உறுப்பினர் உள்ள தனியார் நிறுவனத்துக்கு வாரியம் அதைத் தர முடியாது. நைவாஷாவில் பூப்பண்ணை, கெரிச்சோவில் தேயிலை என்று திட்டமிடுபவர்கள் பங்குகளைப் பிரிக்கும் முன்பே நில வழக்கறிஞரைப் பார்க்க வேண்டும். உள்ளூர் நண்பர் பெயரில் பங்குகளை எழுதிவிட்டு, தனியாக ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளும் பழக்கத்தை ஒருபோதும் பின்பற்றாதீர்கள். உண்மைப் பயனாளர் யார் என்று அறிவிக்கச் சொல்லும் விதிகள் வந்தபின் அது பொய்த் தகவல் தருவதாகிவிடும்.

பதிவு செய்யும் முறை

முதலில் வரி எண். கென்யாவில் இது இல்லாமல் எதுவும் நகராது. ஒவ்வோர் இயக்குநருக்கும் பங்குதாரருக்கும் கென்ய வருவாய் ஆணையத்தின் வரி எண் வேண்டும்; எல்லோரும் ‘கே.ஆர்.ஏ. பின்’ (KRA PIN) என்றே சொல்வார்கள். குடிமக்கள் தேசிய அடையாள அட்டையைக் கொண்டு ஆணையத்தின் ஐ-டாக்ஸ் தளத்தில் உடனே பெற்றுவிடலாம். அங்கே வசிக்காத வெளிநாட்டவர் பொதுவாக உள்ளூர் வரி முகவர் ஒருவரின் வழியாகவே இதைப் பெறுகிறார்கள்; ஆகவே கால அட்டவணை போடும்போது பதிவை விட இதற்கு அதிக நாள் ஒதுக்குங்கள். ஈ-சிட்டிசனில் வெளிநாட்டவர் தனிக் கணக்குத் திறக்க வழியுண்டு.

அடுத்து பெயர். தேடலுக்கும் ஒதுக்கீட்டுக்கும் விண்ணப்பிக்கும்போது ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்களை விருப்ப வரிசைப்படி கொடுங்கள். ஒதுக்கப்பட்ட பெயர் 30 நாட்களுக்கு உங்களுக்காக நிறுத்தி வைக்கப்படும். ஏற்கெனவே உள்ள பெயரைப் போல ஒலிக்கும் பெயர், அரசோடு தொடர்புள்ளதாகத் தோன்றும் பெயர், வங்கி என்ற சொல் வரும் பெயர் ஆகியவை தனி ஒப்புதல் இல்லாமல் நிராகரிக்கப்படும். ‘குளோபல்’, ‘என்டர்பிரைசஸ்’ போன்ற பொதுச் சொற்களை மட்டும் அடுக்கி வைக்கும் பெயர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே யாரிடமோ இருக்கும். ஊர்ப்பெயர், மரப்பெயர் என்று தனித்துவமாக எதையாவது சேர்த்தால் வேலை விரைவாக முடியும்.

பெயர் கிடைத்ததும் விண்ணப்பம். தனியார் நிறுவனத்துக்கு சி.ஆர்.1 என்ற பதிவு விண்ணப்பம், சி.ஆர்.2 என்ற அமைப்புப் பத்திரம், இயக்குநர்களின் வீட்டு முகவரியைச் சொல்லும் சி.ஆர்.8, பெயரளவு மூலதன அறிக்கை ஆகியவை அடிப்படை. உத்தரவாத நிறுவனமாக இருந்தால் சி.ஆர்.2-க்குப் பதில் சி.ஆர்.3 வரும். நீங்கள் இணையத்தில் நிரப்பும் தகவலிலிருந்து தளமே இந்தப் படிவங்களைத் தயாரித்துக் கொடுக்கும். கையெழுத்திட்டு ஸ்கேன் செய்து, அடையாள ஆவணம், வரி எண் சான்று, பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம் ஆகியவற்றோடு பதிவேற்ற வேண்டும். சொந்தமாக நிறுவன விதிகள் எழுதாவிட்டால் சட்டத்தோடு வரும் மாதிரி விதிகளே பொருந்தும். கூட்டாளிகள் இருவருக்கு மேல் இருந்தால், பங்கை வெளியாளுக்கு விற்பதற்கு முன் மற்றவர்களுக்கு வாய்ப்புத் தருவது எப்படி என்ற விதியையாவது தனியாக எழுதிச் சேர்க்க வேண்டும். அந்த ஒரு பத்திக்கு வழக்கறிஞருக்குத் தரும் பணம் வீண் போகாது.

முகவரிப் பகுதியில் புதியவர்கள் தடுமாறுவதுண்டு. கென்யாவில் கடிதங்கள் வீட்டு வாசலுக்கு வருவதில்லை. அஞ்சல் பெட்டிக்கே வரும். எனவே படிவம் இரண்டையும் கேட்கும்: கட்டடத்தின் பெயர், தளம், தெரு, எல்.ஆர். எண் என்னும் நிலப் பதிவு எண் ஒரு பக்கம். அஞ்சல் பெட்டி எண்ணும் 00100 (நைரோபி தலைமை அஞ்சலகம்), 80100 (மொம்பாசா) போன்ற குறியீடும் மறுபக்கம். எல்.ஆர். எண் வாடகை ஒப்பந்தத்தில் இருக்கும். இல்லாவிட்டால் கட்டட உரிமையாளரிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மூலதனப் பகுதியில், 100 ஷில்லிங் மதிப்புள்ள 1,000 பங்குகள் என்று ஒரு லட்சம் ஷில்லிங்குக்கு எழுதுவது வெகுகாலமாக வழங்கும் வழக்கம். சிறு தொழிலுக்கு அது சரி. பின்னாளில் முதலீட்டாளருக்கு ஐந்து விழுக்காடு, ஊழியருக்கு ஒரு விழுக்காடு என்று பிரிக்க நினைப்பவர்கள் பங்கு மதிப்பைக் குறைத்து எண்ணிக்கையை உயர்த்தி வைப்பது நல்லது.

இதோடு சேர்ந்ததுதான் உண்மைப் பயனாளர் அறிவிப்பு, பி.ஓ.எஃப்.1 படிவம். 2020 அக்டோபரில் செயல்பாட்டுக்கு வந்த இவ்விதியின்படி, பங்குகளிலோ வாக்குரிமையிலோ நேரடியாகவோ மறைமுகமாகவோ குறைந்தது 10 விழுக்காடு வைத்திருப்பவர், இயக்குநரை நியமிக்கவோ நீக்கவோ உரிமையுள்ளவர், நிறுவனத்தின் மேல் கணிசமான செல்வாக்குச் செலுத்துபவர் ஆகிய ஒவ்வொருவரின் பெயரையும் தர வேண்டும். பங்குதாரர் ஒரு நிறுவனமாக இருந்தால் அதற்குப் பின்னாலுள்ள மனிதர் யார் என்பதுவரை போய்ச் சொல்ல வேண்டும். மாற்றம் நடந்தால் 14 நாட்களுக்குள் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும்.

தனியார் நிறுவனப் பதிவுக் கட்டணம் நெடுநாளாக 10,650 ஷில்லிங் என்ற அளவில் இருந்து வருகிறது. கட்டும் நாளில் தளம் காட்டும் தொகையே இறுதியானது. தரகர்கள் சொல்லும் தொகைக்கும் இதற்கும் உள்ள இடைவெளி அவர்களுடைய கூலி. ஆவணங்களில் குறை இல்லையென்றால் சில வேலை நாட்களில் சான்றிதழ் மின்வடிவில் வந்துவிடும். பதிவு எண்ணின் தொடக்கத்தைப் பார்த்தே வகையைச் சொல்லிவிடலாம்: தனியார் நிறுவனத்துக்கு பி.வி.டி., வணிகப் பெயருக்கு பி.என்., உத்தரவாத நிறுவனத்துக்கு சி.எல்.ஜி.

சான்றிதழுக்குப் பிறகு

பதிவுச் சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம். ஆனால் கென்யாவில் அன்றாடம் எல்லோரும் கேட்கும் தாள் சி.ஆர்.12. நிறுவனத்தின் எண், பதிவான நாள், மூலதனம், முகவரி, இயக்குநர்களும் பங்குதாரர்களும் யார், ஒவ்வொருவரின் குடியுரிமை என்ன, யாரிடம் எத்தனை பங்கு, சொத்தின் மேல் அடமானம் ஏதும் உள்ளதா என்பதெல்லாம் அதில் இருக்கும். வங்கி, வீட்டு உரிமையாளர், அரசு ஒப்பந்தப்புள்ளி, வேலை அனுமதி என எல்லா இடத்திலும் இதுதான் முதலில் கேட்கப்படும். பழைய தேதியிட்டதை ஏற்கவும் மாட்டார்கள். எனவே தேவைப்படும்போதெல்லாம் புதிதாக எடுக்கச் செலவு உண்டு என்று கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வங்கிக் கணக்குக்குச் சான்றிதழ், சி.ஆர்.12, நிறுவனத்தின் வரி எண், அமைப்புப் பத்திரம், கணக்குத் திறக்க முடிவு செய்த இயக்குநர் கூட்டத் தீர்மானம் ஆகியவை வேண்டும். கடையாக இருந்தால் அதோடு, வாடிக்கையாளர் எம்-பெசாவில் பணம் செலுத்த உதவும் லிபா நா எம்-பெசா டில் எண்ணுக்கும் விண்ணப்பித்துவிடுங்கள். அது இல்லாத கடைக்கு வாடிக்கையாளர் திரும்பி வருவது கடினம். இந்தியாவில் வசித்துக்கொண்டு கென்ய நிறுவனத்தில் பங்கு வாங்குபவர்கள், 2022 ஆகஸ்டில் வந்த வெளிநாட்டு முதலீட்டு விதிகளின்படி தங்கள் வங்கி வழியாக முறையாக அறிவித்தே பணம் அனுப்ப வேண்டும். தனிநபருக்கு ஆண்டுக்கு 2,50,000 டாலர் என்ற வரம்பு இங்கும் பொருந்தும்.

பிறகு, தொழில் நடக்கும் மாவட்ட அரசின் வணிக அனுமதி. அங்கே மாவட்ட அரசைக் கவுன்ட்டி என்பார்கள். தொழிலின் வகையையும் இடத்தின் அளவையும் பொறுத்துக் கட்டணம் மாறும். தீயணைப்புச் சான்றும், உணவுத் தொழிலாக இருந்தால் சுகாதாரச் சான்றும் சேரும். இரண்டு கவுன்ட்டிகளில் கிளை வைத்தால் இரண்டிலும் அனுமதி வேண்டும்.

வரிக் கடமைகள் வரி எண் கிடைத்த நாளிலேயே தொடங்கிவிடுகின்றன. நிறுவன வருமான வரி 30 விழுக்காடு. ஆண்டு விற்பனை 10 லட்சம் முதல் 2.5 கோடி ஷில்லிங் வரை உள்ள சிறு தொழில்கள், மொத்த விற்பனையில் 3 விழுக்காடு கட்டும் விற்றுமுதல் வரிக்குள் வரலாம். லாபம் குறைவாக உள்ள வியாபாரத்துக்கு இது எப்போதும் லாபகரமானது என்று எண்ணிவிடக் கூடாது. வரிக்குரிய விற்பனை ஆண்டுக்கு 50 லட்சம் ஷில்லிங்கை எட்டினால் 16 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரிக்குப் பதிவு செய்ய வேண்டும். வருவாய் ஆணையத்தின் இ-டிம்ஸ் என்ற மின்னணு ரசீது முறையில் வராத ரசீதுகளை 2024 முதல் செலவாகக் காட்ட முடியாது. ஆகவே சரக்கு வாங்கும் இடத்தில் அந்த ரசீதையே கேட்டு வாங்குங்கள். டிசம்பரில் கணக்கை முடிக்கும் நிறுவனம் அடுத்த ஜூன் 30-க்குள் வரி அறிக்கை தாக்கல் செய்ய வேண்டும். ஒரு ஷில்லிங்கூட வருமானம் இல்லாவிட்டாலும் ‘நில்’ அறிக்கை கட்டாயம். தாமதித்தால் நிறுவனத்துக்குக் குறைந்தது 20,000 ஷில்லிங் அபராதம்.

முதல் ஊழியரைச் சேர்க்கும்போது சம்பளத்தில் வரிப் பிடித்தம், என்.எஸ்.எஸ்.எஃப். ஓய்வூதியச் சந்தா, 2024 அக்டோபரில் பழைய என்.எச்.ஐ.எஃப்.-க்குப் பதிலாக வந்த 2.75 விழுக்காட்டு சமூக சுகாதாரக் காப்பீடு, வீட்டுவசதி வரி ஆகிய நான்கும் சேர்ந்தே வரும். வீட்டுவசதி வரியில் ஊழியர் 1.5, முதலாளி 1.5 விழுக்காடு கட்ட வேண்டும். சம்பள வரியை அடுத்த மாதம் 9-ஆம் தேதிக்குள் கட்டிவிட வேண்டும்.

வெளிநாட்டு உரிமையாளர் கவனத்துக்கு: நிறுவனத்தில் பங்கு வைத்திருப்பது அங்கே வேலை செய்யும் உரிமையைத் தராது. சொந்தத் தொழிலை நடத்த வருபவருக்கு ஜி வகை அனுமதி தேவை. அதற்கு ஒரு லட்சம் அமெரிக்க டாலருக்குக் குறையாத மூலதனத்தைக் காட்ட வேண்டும். சம்பளத்துக்கு வருபவருக்கு டி வகை. ஒரு லட்சம் ஷில்லிங் மூலதனத்தில் நிறுவனத்தைப் பதிவு செய்துவிட்டு, பிறகு ஜி அனுமதிக்குப் போனால் பணம் எங்கே என்ற கேள்வி வரும். முழு உற்பத்தியையும் ஏற்றுமதி செய்யும் தொழிலென்றால் ஆத்தி ரிவர் போன்ற ஏற்றுமதி மண்டலங்களைப் பாருங்கள்: அங்கே முதல் 10 ஆண்டுகளுக்கு நிறுவன வரி இல்லை, அடுத்த 10 ஆண்டுகளுக்கு 25 விழுக்காடு.

ஒவ்வோர் ஆண்டும் பதிவு நாளை ஒட்டி, 28 நாட்களுக்குள் பதிவாளருக்கு ஆண்டு அறிக்கை போக வேண்டும். இது வரி அறிக்கையிலிருந்து வேறானது. ஒன்றைச் செய்துவிட்டு மற்றதையும் முடித்துவிட்டதாக எண்ணுபவர்கள் அதிகம். பாக்கி வைத்திருப்பவர்கள் இயக்குநரை மாற்ற முயலும்போதுதான் சிக்கல் தெரியவருகிறது. தொழில் ஓடாவிட்டால் நிறுவனத்தை அப்படியே விட்டுவிடாமல், பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கப் பதிவாளரிடம் விண்ணப்பித்து, கெஜட் அறிவிப்புக்குப் பின் மூடிவிடுங்கள். அதோடு வருவாய் ஆணையத்திடம் நிறுவனத்தின் வரிக் கடமைகளையும் தனியாக ரத்து செய்ய வேண்டும். அதைச் செய்யாதவரை ‘நில்’ அறிக்கைக்கான அபராதம் ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே இருக்கும்.